செவிவழிச் செய்தியும் அரசியல் விமர்சனமும்

பகலில் வழக்கு, இரவில் அரசியல் விமர்சனம் என்று வாழும் வழக்கறிஞர்கள் நம்மிடையே உண்டு. நீதிமன்றத்தில் செவிவழிச் செய்தியை மறுத்து வாதாடும் இவர்களுள் சிலர், தேர்தல் வந்ததும் அதையே கட்டுரையாக்கி விடுகின்றனர்.

கோ. நடேசய்யர் வழக்கறிஞரல்லர். துரைமாரின் அனுமதியின்றி வெளியார் தோட்டத்துள் நுழைய இயலாதிருந்த காலத்தில், புடவை வியாபாரியாக வேடம் பூண்டு லயங்களைக் கண்டுவந்தார். ‘தேசபக்தன்’ ஏட்டில் அவர் எழுதியவற்றுக்கும், 1936 இல் அட்டன் தொகுதியில் பெற்ற வெற்றிக்கும் அந்த அலைச்சலே முதல். மேடை முழக்கம் அவர் நடையில் சற்று மிகுதிதான். பார்த்தவனின் எழுத்து என்பதால் நாம் அதைப் பொறுத்துக்கொள்கிறோம்.

பாராது எழுதுவது என்ன செய்யும் என்பதைக் கண்டி மாவட்டத்துத் தெல்தெனிய காட்டியது. உள்ளூராட்சித் தேர்தலின் சூடு தணியாத 2018 பெப்ரவரியில், வீதித் தகராறொன்றில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதி பின்னர் உயிரிழந்தார். நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய அக்குற்றத்தை ஒரு சமூகத்தின் சதியாக்கியதில் முகநூல் எழுத்துக்குப் பெரும் பங்குண்டு. மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. முகநூல் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது. கடையை இழந்தவர்களுக்கு அது இரண்டாண்டு பிந்திய செய்தி.