ஒரு நேரத்துக்கு ஒரு குண்டு

புதுச்சேரி காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில், செல்போன் உறைகளுக்கும் பழைய சார்ஜர் குவியலுக்கும் நடுவே, '400 இன் 1' என்று அச்சடித்த உள்ளங்கை அகல வீடியோ கேம் பெட்டி கிடைக்கிறது. பேரம் பேசத் தெரிந்தவர் ஐந்நூறு ரூபாய்க்குள் முடித்துவிடலாம். மூன்று அங்குலத் திரை, இடது கட்டைவிரலுக்குத் திசைப் பொத்தான், வலதுக்கு நான்கு பொத்தான்கள், பழைய நோக்கியா போன்களில் போட்ட பிஎல்-5சி வகை பேட்டரி, டிவியில் சொருக மஞ்சள் முனை வைத்த ஒயர். தயாரித்தவர் யார் என்று பெட்டியில் ஒரு எழுத்து கிடையாது. லாஸ்பேட்டை வீட்டு டிவியிலும், சாயங்காலம் ஹெலிபேட் மைதான ஓரத்தில் உட்கார்ந்தும் ஆடிப் பார்த்தேன். நானூறில் என்னைப் பிடித்து உட்கார வைத்தது ஒன்றுதான்: கேலக்ஸியன்.

நானூறு என்ற கணக்கை அப்படியே நம்ப வேண்டாம். நாயகன் உருவத்தை மாற்றி, பெயரை மாற்றித் திரும்ப வருபவை இதில் உண்டு. தொண்ணூறுகளில் டிவி கேம் வைத்திருந்தவர்களுக்கு இது புதிதல்ல. '9999 இன் 1' கேசட்டைப் போட்டால் ஏழெட்டு ஆட்டங்களே வேறு வேறு எண்ணில், வேறு வேறு கட்டத்தில் தொடங்கிப் பட்டியலை நிரப்பும். அந்தக் கேசட்டுகளில் கேலக்ஸியன் அநேகமாக எப்போதும் இருக்கும். ஜப்பானின் நாம்கோ 1984-ல் ஃபேமிகாம் என்ற டிவி கேம் கருவிக்காகச் செய்த பதிப்பு அது. நிரலும் படங்களும் சேர்ந்து 16 கிலோபைட்டில் அடங்கிவிடும். இடம் அடைக்காத சரக்கு என்பதால் கேசட் அடிப்பவர்களுக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

ஆட்டத்தைச் சொல்ல ஒரு பத்தி போதும். மேலே வேற்றுக்கிரகப் பூச்சிகள் வரிசை கட்டி இடமும் வலமும் அசைகின்றன. கீழே உங்கள் விண்கலம். அதுவும் இடமும் வலமும் மட்டும்தான் நகரும். வரிசையில் நிற்கும் பூச்சி எதுவும் செய்யாது. திடீரென்று ஒன்று கழன்று, வளைந்து, கீச்சென்ற ஒலியோடு உங்களை நோக்கிக் குண்டு போட்டபடி பாயும். தப்பினால் திரையின் அடியில் மறைந்து, மேலே முளைத்து, தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். எல்லாவற்றையும் சுட்டு முடித்தால் அடுத்த கூட்டம் வரும். கதை அவ்வளவுதான்.

இதற்கு மூத்தது டைட்டோ நிறுவனத்துக்காகத் தொமோஹிரோ நிஷிகாடோ 1978-ல் செய்த ஸ்பேஸ் இன்வேடர்ஸ். 5 வரிசை, வரிசைக்கு 11, ஆக 55 பேர் அணிவகுத்துப் படிப்படியாக இறங்குவார்கள். அதிலிருந்த இன்டெல் 8080 சில்லால் அத்தனை பேரையும் ஒரே மூச்சில் நகர்த்த முடியாது. ஒரு நொடியின் அறுபதில் ஒரு பங்கு நேரத்தில் ஒருவரைத்தான் நகர்த்தும். கூட்டம் குறையக் குறைய மிச்சமிருப்பவர்களின் முறை சீக்கிரம் வரும், வேகம் தானாக ஏறும். கடைசி ஆள் தலைதெறிக்க ஓடுவது அதனால்தான். திரையோ கறுப்பு வெள்ளை. வண்ணம் வேண்டிய இடத்தில் கண்ணாடித்தாள் பட்டைகளை ஒட்டினார்கள்.

அடுத்த வருடமே நாம்கோவில் கசுனோரி சவானோ, கடைகளில் காசு போட்டு ஆடும் மூலக் கேலக்ஸியனை வண்ணத்தில் கொண்டுவந்தார். அங்கும் கருவியின் கை கட்டித்தான் இருந்தது. தனித்தனியாகப் பறக்கவிடக்கூடிய உருவங்கள் ஒரே நேரத்தில் 8 மட்டுமே. எனவே வரிசையில் நிற்கும் கூட்டத்தைப் பின்னணிப் படத்தின் பகுதியாக வரைந்து மொத்தமாக அசைத்தார்கள். பாய்கிறவர்களுக்கு மட்டும் தனி உருவம் கொடுத்தார்கள். நம் கண்ணுக்கு இது கூட்டத்திலிருந்து ஒருவன் துணிந்து இறங்குவதாகத் தெரிகிறது. வன்பொருளின் வறுமையிலிருந்து இவ்வளவு குணம் வரும் என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் நம்பியிருக்க மாட்டேன்.

ஆனால் என்னை உட்கார வைத்தது பூச்சிகள் அல்ல, என் குண்டு. திரையில் ஒரு நேரத்துக்கு உங்கள் குண்டு ஒன்றுதான் இருக்கலாம். அது எதையாவது தொட வேண்டும், அல்லது உச்சி வரை போய் மறைய வேண்டும். அதுவரை பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கலம் வாய் திறக்காது. குறி தப்பினால் அந்தக் குண்டு மேலே போய்ச் சேரும்வரை வெறுங்கையோடு நிற்க வேண்டும். அந்த நேரம் பார்த்துத்தான் இரண்டு பூச்சிகள் ஒன்றாகக் கழன்று வரும். எதிரி கிட்டே வந்தபின் சுட்டால் குண்டு உடனே திரும்பக் கிடைக்கும், ஆனால் உயிருக்கு ஆபத்து. எட்ட இருக்கும்போது சுட்டால் உயிர் பத்திரம், ஆனால் தப்பினால் நீண்ட காத்திருப்பு. ஆட்டம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் ஓடுகிறது.

எதிர் வீட்டு எட்டாம் வகுப்புப் பையனிடம் பெட்டியைக் கொடுத்தேன். அவன் போனில் ஃப்ரீ ஃபயர் மேக்ஸ் ஆடுகிறவன். விரல் பொத்தானில் தந்தியடித்தது.

"இன்னாண்ணா, ஒண்ணு மேல போய்ச் சேர்ற வரைக்கும் அடுத்தது வர மாட்டுது? பட்டன் பூட்ச்சா?"

"பட்டன் நல்லாத்தான் இருக்கு. ஆட்டமே அப்படித்தான்டா."

"இது இன்னா ஆட்டம்?" என்று திருப்பிக் கொடுக்க வந்தவன், கொடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் தந்தி நின்றிருந்தது. கலத்தை ஒதுக்கி நிறுத்தி, பூச்சி வளைந்து வரும் வழியைப் பார்த்து, ஒரு தட்டு. யாரும் சொல்லித் தரவில்லை. பயிற்சிக் கட்டம், அம்புக்குறி, "இங்கே தொடவும்" எதுவும் இல்லாமல் ஆட்டமே கற்றுக்கொடுத்துவிட்டது. ப்ளே ஸ்டோரில் கிடைக்கும் இதே வகை ஷூட்டர்கள் பலவற்றில் கலம் தானாகவே சுட்டுக்கொண்டிருக்கும். விரலை இழுத்தால் போதும், நடுநடுவே விளம்பரம் பார்த்தால் மறு உயிர். அவற்றை ஆடிய கையோடு இதற்கு வந்தால் முதலில் எரிச்சல்தான் வரும்.

புள்ளிக் கணக்கிலும் இதே சூதாட்டம் இருக்கிறது. 1979 மூலத்தில் சாதாரண நீலப் பூச்சி வரிசையில் நிற்கும்போது 30, பறக்கும்போது 60. உச்சி வரிசையில் மஞ்சள் நிறத் தலைவன். நிற்கும்போது அடித்தால் 60தான். அவன் இரண்டு சிவப்புக் காவலர்களை அழைத்துக்கொண்டு இறங்கும்போது, முதலில் காவலர் இருவரையும் தீர்த்து, பிறகு அவனை அடித்தால் 800. மூன்று பேர், மூன்று குண்டு, ஒவ்வொன்றும் பட்டால்தான் அடுத்தது. அதற்குள் அவன் உங்கள் தலைக்கு மேல் வந்துவிடுவான். அந்த 800 திரையில் தெரியும்போது வரும் சிரிப்புக்காகவே நான் பல உயிர்களை வீணாக்கியிருக்கிறேன், வருத்தமில்லை.

இனி குறைகள். ஆட்டத்துக்கு முடிவு கிடையாது. கூட்டத்துக்குப் பின் கூட்டம், கீழ் மூலையில் ஒரு கொடி கூடும், பாய்ச்சல் அடிக்கடி நடக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அந்தக் கடுமையும் ஏறாமல் நின்றுவிடுகிறது. புது எதிரி இல்லை, புது ஆயுதம் இல்லை. ஆடும்போது இசை இல்லை, அடியில் ஓர் இரைச்சல் மட்டும். பத்து நிமிடம் தேனாக இருப்பது அரை மணியில் சலிக்கிறது. அதிகபட்சப் புள்ளி சேமிக்கப்படாது. பெட்டியை அணைத்தால் உங்கள் சாதனையும் அணைந்தது. கடைகளில் காசு போட்டு ஆடிய காலத்தில் பெரிய எண்ணைப் பார்த்து வாய்பிளக்க அடுத்த ஆள் பின்னால் நின்றிருப்பான். தனியாகக் கையில் வைத்து ஆடுகிறவனுக்கு அந்த எண்ணால் பயன் குறைவு. நாம்கோவே இதை உணர்ந்திருக்க வேண்டும். 1981-ல் வந்த காலகாவில் ஒரே நேரத்தில் இரண்டு குண்டு, எதிரியிடம் மாட்டிய கலத்தை மீட்டு இரட்டையாக ஓட்டும் வசதி, நடுநடுவே போனஸ் கட்டம் எல்லாம் சேர்த்தார்கள். நீண்ட நேரம் ஆட அதுதான் நல்லது. எனக்கோ இரண்டு குண்டு கிடைத்ததும் பயம் பாதியாகிவிடுகிறது. பயம் குறைந்தால் இந்த வகை ஆட்டத்தில் மிச்சம் என்ன?

பெட்டியின் குறைகள் தனி. பின்மூடியைத் திறந்தால் ஒரு பச்சைப் பலகை, அதில் உருகி உறைந்த தார்த்துளி மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. பழைய ஃபேமிகாம் முழுவதையும் ஒரே சில்லில் அடக்கி, பசையால் மூடியிருக்கிறார்கள். இத்தகைய நகல் சில்லுகள் பலவற்றில் ஒலி அலைகளின் அகலம் இடம் மாறிப்போயிருக்கும். பழைய டிவி கேமில் கேட்ட காதுக்கு இங்கே பாய்ச்சல் ஒலி மூக்கால் பாடுவதாகத் தோன்றும். ஒலியைக் குறைத்தாலும் பக்கத்து அறைக்குக் கேட்கிறது. நான்கு பொத்தான்களில் இரண்டு டர்போ, அதாவது அழுத்திப் பிடித்தால் படபடவென்று சுடும் வகை. மற்ற ஆட்டங்களில் அது வரம். கேலக்ஸியனில் குறி பார்க்காமல் குண்டைக் காற்றில் விடுவதற்கு அதைவிடச் சுலபமான வழி இல்லை.

வெயிலில் திரை தெரியாது. மைதானத்தில் ஐந்தரைக்கு மேல்தான் ஆட முடிந்தது. திசைப் பொத்தானில் இடது பக்கம் கொஞ்சம் அழுத்தம் கேட்கிறது, இடமும் வலமும் மட்டுமே நகரும் ஆட்டத்துக்கு அது சின்னக் குறை அல்ல. டிவியில் சொருகினால் படம் பெரிதாகும், ஆனால் இன்றைய எல்இடி டிவிகள் பழைய ஏவி சமிக்ஞையை மாற்றிக் காட்டச் சிறிது நேரம் எடுத்துக்கொள்கின்றன. பொத்தானுக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு சோம்பல் தெரிகிறது. ஒரே குண்டை நம்பி ஆடும் இடத்தில் அந்தச் சோம்பல் உயிரைக் கேட்கும். வீட்டில் பழைய பெட்டி டிவி தூசி தட்டக் கிடந்தால் அதில் ஆடுங்கள். அமைப்புகளில் 'கேம் மோட்' உள்ள டிவியானால் அதைப் போட்டுப் பாருங்கள், கொஞ்சம் தேவலை.

வாங்கலாமா? பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கும், இணையம் போன சாயங்காலத்துக்கும் ஐந்நூறு ரூபாய் நட்டமில்லை. வாங்கும்போது கடையிலேயே பேட்டரியைப் போட்டு கேலக்ஸியனைத் திறந்து, கலத்தை இடது கோடியிலிருந்து வலது கோடி வரை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நடுவில் திக்கினால் அந்தப் பெட்டி வேண்டாம், அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். ஒயரும் உள்ளே இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாப் பெட்டியிலும் வைப்பதில்லை.