கல்லச்சு: குணமும் குற்றமும்

அச்சுக் கலைகளின் சரித்திரத்தைப் பார்த்தால், அவற்றில் பெரும்பாலானவை மேட்டையும் பள்ளத்தையும் நம்பி நிற்பவை என்பது புலப்படும். மரக்கட்டையைச் செதுக்கி, செதுக்காமல் விட்ட மேட்டில் மை பூசுவது ஒரு வழி. செப்புத் தகட்டைக் கீறி, கீறிய பள்ளத்தில் மை நிரப்புவது மற்றொரு வழி. மேடும் பள்ளமும் இல்லாத சமதளமான ஒரு கல்லின்மேல், எண்ணெயும் தண்ணீரும் ஒட்டா என்று அடுக்களையில் புழங்கும் எவரும் அறிந்த நியாயத்தை மட்டும் துணையாகக் கொண்டு, ஒரு சித்திரத்தை நூறாகவும் ஆயிரமாகவும் பெருக்கும் வித்தைதான் லித்தோகிராஃபி எனப்படும் கல்லச்சு. ஓவியனின் கைக்கு இவ்வளவு கீழ்ப்படியும் அச்சு முறை வேறில்லை என்று இதைப் புகழ்வோர் சொல்வது மெய்யே. ஆயினும் அந்தப் புகழ்ச்சியினூடே இதன் உபகரணங்களின் தொல்லையும், வினைஞர்களின் உழைப்பும், இதன் சொற்கள் விளைக்கும் மயக்கமும் கண்ணுக்குத் தப்பிவிடுகின்றன. ஆகவே குணத்தையும் குற்றத்தையும் ஒருசேர நிறுத்துப் பார்ப்பது அவசியமாகிறது.

இம்முறையைக் கண்டவர் 1771-இல் பிராக் நகரில் பிறந்து மியூனிக்கில் வாழ்ந்த அலோய்ஸ் செனிஃபெல்டர் என்னும் நாடகாசிரியர். தம் நாடகங்களை மலிவாக அச்சிட வழி தேடிக்கொண்டிருந்த அவர், சலவைக்குப் போகும் துணிகளின் கணக்கை எழுதத் தாள் அகப்படாமல், மெழுகும் சவர்க்காரமும் புகைக்கரியும் சேர்த்துத் தாமே தயாரித்திருந்த மையால் பக்கத்தில் இருந்த கல்லின்மேல் எழுதினார் என்று அவரே சொன்ன கதை பிரசித்தமானது. கதையைத் திருப்பிச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் சங்கதி ஒன்று உண்டு. 1796-இல் அவர் அந்தக் கல்லைத் திராவகத்தால் அரித்து எழுத்து மேடாக நிற்கும்படிதான் செய்தார். ஆகவே அதுவும் பழைய மேட்டச்சின் ஒரு வகையே. அரிக்கவே வேண்டியதில்லை, எழுத்திலுள்ள கொழுப்பு மையை ஏற்கும், ஈரமான வெறுங்கல் மையைத் தள்ளும் என்ற சூட்சுமம் அவருக்குத் தெளிவாக மேலும் இரண்டாண்டுகள் சென்றன. அதனால்தான் அவர் தம் கண்டுபிடிப்பை ரசாயன அச்சு என்று அழைக்க விரும்பினார். 1818-இல் வெளியிட்ட நூலில், கல்லச்சு என்பது ரசாயன அச்சின் ஒரு கிளை மட்டுமே என்றும் எழுதினார். உலகமோ அவர் வைத்த பெயரை விட்டுவிட்டுக் கல்லைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்த மயக்கங்களுக்கு வித்து அங்கேயே விழுந்துவிட்டது.

கல் என்றாலும் எல்லாக் கல்லும் ஆகாது. பவேரியாவில் ஸோல்ன்ஹோஃபென் என்ற ஊரைச் சுற்றியுள்ள குவாரிகளில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லுக்கு ஈடான கல் வேறெங்கும் தாராளமாக அகப்படவில்லை. ஏறத்தாழ 15 கோடி ஆண்டுகளுக்கு முன் அசைவற்ற உப்பங்கழிகளின் அடியில் மிக நுண்ணிய சுண்ணாம்புச் சேறு படிந்து படிந்து இறுகியதால் உண்டான கல் இது. ஆதிப் பறவை என்று விஞ்ஞானிகள் போற்றும் ஆர்க்கியோப்டெரிக்ஸ் தன் இறகின் நுண்கோடுகளோடு பதிந்து கிடந்ததும் இந்தக் கல்லில்தான். 1861-இல் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியபோது, 'லித்தோகிராஃபிகா' என்று அச்சுக்கல்லின் பெயரையே சேர்த்து வைத்தார்கள். இறகின் கோட்டைக் காத்த அதே நுண்மைதான் ஓவியன் தீட்டும் மெல்லிய கோட்டையும் காக்கிறது. மஞ்சள் நிறக் கல் மிருதுவானது. சாம்பல் நிறக் கல் வன்மையானது. நுட்பமான வேலைக்குச் சாம்பல் கல்லையே விரும்புகிறார்கள்.

ஒரு சித்திரம் அச்சாகி முடிந்ததும் கல்லை அரைத்துச் சுத்தம் செய்ய வேண்டும். கார்போரண்டம் பொடியும் தண்ணீரும் இட்டு, மேலே இன்னொரு கல்லையோ, கைப்பிடியுள்ள கனத்த இரும்பு வட்டையோ வைத்து, முதலில் பெரும்பொடியாலும் பிறகு சிறுபொடியாலும் சுழற்றிச் சுழற்றி அரைக்க, பழைய சித்திரம் மறைந்து புதிய மேற்பரப்பு பிறக்கிறது. அந்தப் பரப்பில் உண்டாகும் நுண்ணிய சொரசொரப்பையே 'கிரெய்ன்' என்கிறார்கள். மெழுகுக்கோலைப் பிடித்து நிறுத்துவதும், தீட்டிய நிழலைப் புள்ளிகளாகச் சிதறி மெருகு கொடுப்பதும் அதுதான். ஒரே கல்லைத் தலைமுறை தலைமுறையாக அரைத்துப் பயன்படுத்தலாம் என்பது இதன் சிக்கனம். அரைத்து அரைத்து மெலிந்த கல் அச்சுப்பொறியின் அழுத்தத்தில் ஒருநாள் பிளந்துபோகும் என்பது அச்சிக்கனத்தின் மறுபக்கம். பாரத்தையும் சொல்லியாக வேண்டும். இரண்டடி அகலமும் மூன்றடி நீளமும் நான்கங்குலக் கனமும் உள்ள ஒரு கல் ஏறக்குறைய 145 கிலோ நிறுக்கும். ஓவியன் அதை மடியில் வைத்து வரைய முடியாது. வயல்வெளிக்கும் கடைத்தெருவுக்கும் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது.

கல்லின்மேல் வரையும் சாதனங்கள் இரண்டு. மெழுகு, சவர்க்காரம், மிருகக் கொழுப்பு, அரக்கு, புகைக்கரி ஆகியவற்றைக் கூட்டிச் செய்த கோல் ஒன்று. இலக்கமிட்டு விற்கப்படும் இக்கோல்களில் இலக்கம் ஏற ஏற வன்மையும் ஏறும். அதே சரக்குகளைத் தண்ணீரிலோ தைலத்திலோ கரைத்த 'டுஷ்' என்னும் திரவ மை மற்றொன்று. மை என்று மட்டும் பொருள்படும் ஜெர்மானியச் சொல் அது. தண்ணீரில் கரைத்த டுஷ் கல்லில் உலரும்போது நெளிநெளியாகத் திரைந்து ஒரு வலைப்பின்னல் உண்டாகும். பிரெஞ்சு வினைஞர்கள் அதற்குத் தேரைத்தோல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தூரிகையாலோ பேனாவாலோ வரவழைக்க முடியாத அந்த அழகு, கல்லும் நீரும் கொழுப்பும் கூடித் தாமே செய்துகொள்வது.

வரைந்து முடிந்தபின் ரோசனப் பொடியும் டால்கம் பொடியும் தூவி, நைட்ரிக் அமிலம் சில துளிகள் கலந்த அரபுக் கோந்தைக் கல் முழுவதும் தடவுகிறார்கள். கொழுப்பு பட்ட இடம் கல்லின் சுண்ணாம்போடு கூடிக் கரையாத சவர்க்காரமாகி மைக்கு உறவாகிறது. கோந்து பட்ட வெறும் இடம் தண்ணீருக்கு உறவாகிறது. பிறகு டர்ப்பன்டைன் விட்டு வரைந்த கருமையைத் துடைத்தெடுக்கும்போது, பார்ப்பவருக்கு நெஞ்சு திடுக்கிடும். சித்திரம் முழுதும் மறைந்து, சாயலாக மட்டும் ஏதோ தெரியும். கடற்பஞ்சால் நனைத்துக்கொண்டே தோல் உருளையால் மை ஏற்ற ஏற, மறைந்தது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும். அதன்மேல் ஈரத்தாளை விரித்து, தோல் போர்த்திய மரவிளிம்பின் அழுத்தத்தில் கல்லை நகர்த்திச் செலுத்தினால், இடம் வலமாக மாறிய பிரதி ஒன்று கிடைக்கும்.

இம்முறையின் குணத்துக்குப் பெரிய சாட்சி ஸ்பானிய ஓவியர் கோயாவின் முதுமை. 1825-இல், தமது எழுபத்தொன்பதாம் வயதில், போர்தோ நகரில் தங்கியிருந்த அவர் எருதுச் சண்டையைப் பற்றிய நான்கு பெரிய கல்லச்சுகளைச் செய்தார். ஒவ்வொன்றும் நூறு பிரதிகள். செப்புத் தகட்டைக் கீறக் கூரிய உளியும் பல்லாண்டுப் பயிற்சியும் வேண்டும். கல்லிலோ முதியவரின் கை இருட்டைப் பரப்பிவிட்டு, சுரண்டுகத்தியால் வெளிச்சத்தை மீட்டெடுத்து, ஓவியம் தீட்டுவதுபோலவே சுதந்திரமாக வேலை செய்தது. வேகத்துக்குச் சாட்சி பிரெஞ்சு ஓவியர் தோமியே. சுமார் நாலாயிரம் கல்லச்சுகளை அவர் பத்திரிகைகளுக்காக வரைந்தார். 1834-இல் பாரிஸில் ஒரு வீட்டில் சிப்பாய்கள் புகுந்து குடும்பத்தைக் கொன்றதைக் காட்டும் அவருடைய சித்திரத்துக்கு அஞ்சிய அரசாங்கம், எஞ்சிய பிரதிகளோடு கல்லையும் பறிமுதல் செய்தது. கல் கையிலிருந்தால் சித்திரம் மீண்டும் பிறந்துவிடும் என்று அதிகாரிகளுக்கும் தெரிந்திருந்தது.

குற்றங்களை எண்ணினால் முதலில் நிற்பது திருத்துவதன் கஷ்டம். கல்லில் கொழுப்பு கண்ணுக்குத் தெரியாமல் ஊன்றிவிடுவதால், கைவிரல் பட்ட கறையும் சித்திரமாகிவிடும். சரியாக அரைக்காத கல்லில் முந்திய ஓவியனின் உருவம் ஆவிபோல எழுந்து நிற்கும். 1945 டிசம்பரில் தொடங்கிப் பிக்காஸோ பாரிஸில் மூர்லோ அச்சகத்தில் ஒரே எருதைப் பதினொரு நிலைகளில் சுரண்டியும் மாற்றியும் சில கோடுகளாகச் சுருக்கிக் காட்டினாரே என்று கேட்கலாம். அங்கே கல்லை இழக்காமல் காத்தவர்கள் பழகிய அச்சு வினைஞர்கள். அவர்கள் துணையில்லாத ஓவியனுக்கு அந்தத் துணிவு பலிக்காது. அமிலத்தின் அளவு கூடினால் மெல்லிய நிழல்கள் வெந்து போகும். குறைந்தால் இருண்ட பகுதிகள் மை குடித்து அடைத்துக்கொள்ளும். அளவை நிர்ணயிப்பது எழுதிவைத்த சூத்திரமன்று. கல்லின் நிறத்தையும் கோலின் இலக்கத்தையும் அன்றைய ஈரப்பதத்தையும் பார்த்துச் சொல்லும் அனுபவமே.

பாரமும் அருமையும் சேர்ந்து கல்லுக்கு மாற்றுகளைப் பிறப்பித்தன. துத்தநாகத் தகடும், பிறகு அலுமினியத் தகடும் வந்தன. எங்கும் எடுத்துச் செல்லத்தக்க மாற்றுத்தாளும் வந்தது. அத்தாளில் வரைந்ததைக் கல்லில் பதித்தால் இடவலம் மாறாமலே பிரதி கிடைக்கும். 1897-இல் லண்டனில் இது ஒரு வழக்காயிற்று. மாற்றுத்தாளில் வரைந்தவற்றை ஓவியர் ஜோசப் பென்னெல் கல்லச்சு என்று காட்சிக்கு வைத்தது தகாது என்று மற்றோர் ஓவியரான வால்ட்டர் ஸிக்கர்ட் பத்திரிகையில் எழுத, பென்னெல் மானநஷ்ட வழக்குத் தொடுத்தார். ஓவியர் விஸ்லர் பென்னெலின் பக்கம் சாட்சி சொன்னார். பென்னெலுக்கு 50 பவுன் நஷ்டஈடு கிடைத்தது. தீர்ப்பு நியாயமானதே. செனிஃபெல்டர் வைத்த ரசாயன அச்சு என்ற பெயர் நிலைத்திருந்தால், அப்படியொரு சண்டை பிறந்திருக்குமா என்பது ஐயமே.

சொற்களின் தோஷம் இத்தோடு முடியவில்லை. கோந்தும் அமிலமும் தடவுவதை வினைஞர்கள் 'எட்ச்' என்கிறார்கள். செப்புத் தகட்டு வேலையிலிருந்து இரவல் வாங்கிய சொல் அது. அங்கே திராவகம் உண்மையாகவே உலோகத்தைத் தின்று பள்ளம் செய்கிறது. இங்கே பள்ளம் உண்டாவதில்லை, உண்டாகவும் கூடாது. மேற்பரப்பின் சுபாவம் மட்டும் மாறுகிறது. புதிதாகக் கற்பவன் அச்சொல்லை நம்பி அமிலத்தைக் கூட்டினால் தன் சித்திரத்தையே எரித்துவிடுவான். 'எடிஷன்' எனப்படும் வரையறுத்த பிரதித் தொகுதியும் இத்தகையதே. உலர்முனைக் கீறலில் தகட்டின் பிசிறு சீக்கிரம் தேய்ந்துவிடுவதால், பிரதிகளை ஒரு சிறு எண்ணிக்கையோடு நிறுத்துவது பொருளின் கட்டாயம். நன்கு தயாரித்த கல் அப்படித் தேய்வதில்லை. ஆகவே 7/50 என்று ஓரத்தில் எழுதுவது பெரும்பாலும் வியாபாரம் வைத்த வேலி. ஏழாவதாக அச்சானது என்றுகூட அந்த எண்ணுக்குப் பொருளில்லை. அதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த எல்லையைக் கல்லின் தலைமேல் சுமத்துவது முறையன்று.

நம் நாட்டு உதாரணம் ஒன்று இந்த மயக்கத்தைத் தெளிவிக்கும். 1894-இல் ராஜா ரவிவர்மா பம்பாயில் தொடங்கிய அச்சகம், ஜெர்மானிய நிபுணர்களின் துணையுடன், வண்ணத்துக்கு ஒரு கல்லாகப் பல கற்களைக் கொண்டு லட்சுமியையும் சரஸ்வதியையும் சகுந்தலையையும் அச்சிட்டு, எத்தனையோ ஏழைகளின் பூஜையறைகளுக்கும் அனுப்பியது. உத்தமமான கல்லில் அச்சானவை அவை. அரண்மனைச் சுவரிலிருந்த ஓவியத்தைக் குடிசைச் சுவருக்கும் கொண்டுசேர்த்த அச்சகத்தின் உபகாரத்தையும் எவரும் மறுக்க முடியாது. ஆயினும் கல்லின்மேல் புள்ளிபுள்ளியாக வண்ணங்களைப் பிரித்து வரைந்தவர்கள் பெயர் தெரியாத அச்சக ஓவியர்கள். ரவிவர்மாவின் கை திரைச்சீலையோடு நின்றுவிட்டது. இதற்கு மாறாக, ஓவியன் அலுமினியத் தகட்டில் தன் கையால் வரைந்து எடுத்த பிரதியில் கல்லே இல்லை, கை இருக்கிறது. முன்னது கல்லச்சில் ஆன நகல். பின்னது கல்லில்லாத அசல். கல் இருப்பதும் இல்லாததும் கலையின் அசலுக்கு அளவுகோல் ஆகா என்பது இதனால் தெளிவாகிறது. புகைப்படமெடுத்து ஆஃப்செட் பொறியில் அடித்த பிரதியில் ஓரத்தில் கையெழுத்து மட்டும் இட்டு 'லித்தோ' என்று விற்பவர்களுக்கு இடம் கொடுப்பது, கல்லைக் காட்டிக் கையை மறைக்கும் இந்தப் பெயரே.

ஓவியனின் கைக்கு அடுத்தபடியாக மறைக்கப்படுவது வினைஞனின் கை. ஜூன் வெய்ன் என்ற ஓவியர் 1960-இல் லாஸ் ஏஞ்சலிஸில் டாமரிண்ட் பட்டறையைத் தொடங்கியபோது, அமெரிக்காவில் கலைஞர்களுக்கு அச்சிட்டுக் கொடுக்கத்தக்க வினைஞர்கள் அருகிவிட்டார்கள் என்பதையே காரணமாகக் கொண்டார். கல்லும் கோலும் கிடைத்தும் அச்சிடுபவன் இல்லாவிட்டால் கலை நின்றுபோகும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தப் பட்டறை ஒவ்வொரு பிரதியிலும் அச்சிட்டவரின் முத்திரையை மையின்றி அழுத்திப் பதித்தது. எந்தக் கல், எந்தத் தாள், எத்தனை பிரதி என்ற குறிப்பையும் காத்தது. 1963-இல் ஓவியர் ராபர்ட் ரோஷன்பர்க் நியூயார்க்கருகே வேறொரு பட்டறையில் வரைந்த கல் பொறியில் பிளந்தபோது, பிளவையே சித்திரத்தின் பாகமாக்கி அச்சிட்டு, 'விபத்து' என்ற பெயரில் லியூப்லியானா கண்காட்சியில் பெரும் பரிசும் பெற்றார். உடைந்த கல்லிலிருந்து சுத்தமான பிரதிகளை எடுத்துக் கொடுத்த உழைப்பு ஓவியனுடையது மட்டும் அன்று.

கல்லச்சு, கையின் நடுக்கத்தைக்கூட விடாமல் காக்கும் அபூர்வமான கலை. அதே சமயம், தன்னைப் பிறப்பித்த கைகளைப் பார்ப்பவன் கண்ணிலிருந்து மறைத்துவிடும் கலையும் ஆகும். முதல் குணத்துக்காக அதைப் போற்ற வேண்டும். இரண்டாவது குற்றத்தை நாமே நீக்கலாம். ஆகையால் பிரதியொன்றை வாங்க நினைக்கும் ரசிகர்களை வேண்டிக்கொள்வது இவ்வளவே: ஓரத்திலிருக்கும் எண்ணைப் பார்ப்பதற்கு முன், இதை வரைந்தது யார் கை, எதன்மேல் வரைந்தது, அச்சிட்டவர் யார் என்ற மூன்று கேள்விகளைக் கேளுங்கள். மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத வியாபாரியிடம் விலை பேச வேண்டியதில்லை.