கூற்று இல்லாத செய்தி: தேர்தல் பரப்புரையில் சமூக ஊடக மொழியும் தொல்காப்பியச் செய்யுளியலும்

ஆய்வுச்சுருக்கம்

தேர்தல் பரப்புரையில் சமூக ஊடகங்களின் பங்கு குறித்த தமிழ்க் கட்டுரைகள் பெரும்பாலும் அவற்றின் நன்மை தீமைகளைப் பட்டியலிடுவதோடு அமைகின்றன. அச்செய்திகளை மொழிப் பனுவல்களாகக் கொண்டு, யார் யாரிடம் எங்கே எப்போது பேசுகிறார் என்று கேட்பவை குறைவு. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகிய உறுப்புகளைக் கருவிகளாகக் கொண்டு, தமிழகத் தேர்தல் பரப்புரையில் சமூக ஊடகச் செய்தி பெற்றுள்ள வடிவத்தை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. ஆக்கியோன் பெயர் இல்லாமை அன்று, கூற்று இல்லாமையே இவ்வடிவத்தின் அடிப்படைச் சிக்கல் என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: செய்யுளியல், கூற்று, முன்னம், அலர், தேர்தல் பரப்புரை, மீம், வாட்ஸ்அப்

முன்னுரை

சமூக ஊடகம் 'இருமுனைக் கத்தி' என்னும் தொடர் நம் கருத்தரங்கக் கட்டுரைகளில் தேய்ந்துபோன ஒன்று. விரைவு, செலவுக் குறைவு, இளைஞர் பங்கேற்பு ஆகியவை நன்மை. பொய்ச்செய்தி, அவதூறு, நேர விரயம் ஆகியவை தீமை. இப்பகுப்பு தவறானது அன்று. ஆனால் அதனால் விளங்குவது சிறிது. விரைவும் அவதூறும் மேடைக்கும் உண்டு, துண்டறிக்கைக்கும் உண்டு. சமூக ஊடகச் செய்தி அவற்றிலிருந்து எவ்விடத்தில் வேறுபடுகிறது என்பதைக் கண்டறியப் பனுவலின் உறுப்புகளைத் தனித்தனியே நோக்க வேண்டும். அதற்கான கலைச்சொற்கள் தமிழ் இலக்கண மரபிலேயே உள்ளன.

கூற்றும் முன்னமும்

செய்யுளியல், செய்யுளுக்குரிய உறுப்புகளாக 26உம் அவற்றோடு வனப்பு எட்டும் சேர்த்து 34 உறுப்புகளை வகுக்கிறது. அவற்றுள் மாத்திரை முதல் தொடை வரை வருவன பெரும்பாலும் ஓசையும் யாப்பும் பற்றியவை. கூற்று, கேட்போர், களன், காலம், பயன், எச்சம், முன்னம் முதலியன பேச்சு நிகழும் சூழல் பற்றியவை. இவ்விடத்தில் இச்சொல்லை இன்னார் இன்னாரிடம் கூறுதற்குரியர் என்று செய்யுளைக் கொண்டே அறியச் செய்வது முன்னம். ஒரு பாடலைப் பொருள்கொள்ளும்போது உரையாசிரியர்கள் முதலில் தீர்மானிப்பதும் இதனையே. கூற்று மாறினால் பொருளும் மாறும்.

இங்கு ஒரு வேறுபாட்டை மனங்கொள்ள வேண்டும். ஆக்கியோன் வேறு, கூற்றுக்குரியோர் வேறு. குறுந்தொகையின் 40ஆம் பாடலைப் பாடியவரின் இயற்பெயர் நமக்குத் தெரியாது. பாடலின் தொடரே அவருக்குச் செம்புலப்பெயனீரார் என்னும் பெயராயிற்று. எனினும் அப்பாடல் தலைவன் கூற்று என்பதில் ஐயமில்லை. பெயர் அறியாப் பனுவல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பேசுவார் எவரென்று உணர முடியாத பனுவலே புதிது.

மேடையும் சுவரொட்டியும்

திராவிட இயக்கத்தார் வளர்த்த மேடைத்தமிழ் குறித்து மதுரையைக் களமாகக் கொண்டு ஆராய்ந்த பெர்னார்ட் பேட், மேடைப் பேச்சின் செந்தமிழ் நடையையே அரசியல் அதிகாரத்தின் அழகியலாகக் கண்டார் (2009). அந்நடையின் மிகை, அடுக்கு, விளி ஆகியவற்றைக் குறைகூறுவோர் உண்டு. ஆயினும் மேடையில் நான்கு உறுப்புகள் குறைவின்றி அமைந்திருந்தன. பேசுவார் கண்முன் நின்றார், கேட்போர் எதிரே அமர்ந்தனர், திடல் களனாயிற்று, கூட்ட நாள் காலமாயிற்று. கேட்போர் கைதட்டலாம், எழுந்தும் போகலாம். மறுநாள் எதிரணியின் மேடையில் பெயர் சுட்டி மறுப்பும் வரும்.

அச்சிலும் கூற்று இன்றியமையாததாகவே இருந்தது. 1867ஆம் ஆண்டின் அச்சகப் பதிவுச் சட்டம் அச்சிட்டவர் பெயரையும் இடத்தையும் நூலில் குறிக்கச் செய்தது. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 127ஏ பிரிவு, தேர்தல் துண்டறிக்கையிலும் சுவரொட்டியிலும் அச்சிடுபவர், வெளியிடுபவர் ஆகிய இருவரின் பெயரும் முகவரியும் இடம்பெற வேண்டும் என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 2,000 ரூபாய் வரை தண்டம், அல்லது இரண்டும். சுவரொட்டியின் அடியில் பொடி எழுத்தில் காணப்படும் அச்சகப் பெயரை நாம் படிப்பதில்லை. ஆனால் இலக்கண நோக்கில் அவ்வரியே அப்பனுவலின் கூற்றுக் குறிப்பு.

இந்தியத் தேர்தல் ஆணையம் 2013 அக்டோபர் 25இல் வெளியிட்ட அறிவுறுத்தல் இதே கொள்கையைச் சமூக ஊடகத்திற்கும் விரித்தது. வேட்பாளர் தம் கணக்குகளை உறுதிமொழிப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டும். அரசியல் விளம்பரங்களுக்கு முன்சான்று பெற வேண்டும். செலவைக் கணக்கில் காட்ட வேண்டும். எனினும் இவ்விதிகளின் பிடி தாமே முன்வந்து பெயர் சொல்லும் கணக்குகளின் மேல்தான் எளிதில் விழும். பெயர் சொல்லாத பரப்புரையே இங்கு ஆராய்தற்குரியது.

மீமும் எச்சமும்

மீம் என்பது தமிழகத்தில் பெரும்பாலும் திரைப்படக் காட்சியொன்றும் அதன்மேல் எழுதிய தொடரும் சேர்ந்த வடிவம். வடிவேலுவின் முகமே இவ்வடிவத்தின் அகரவரிசை எனலாம். மெய்ப்பாட்டியல் நகைக்குக் கூறும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கு நிலைக்களன்களுக்கும் அம்முகத்தில் சான்று உண்டு.

மீமின் ஆற்றல் எச்சத்தில் உள்ளது. சொல்லாது விட்டதைக் காண்போர் நிரப்புகின்றனர். 2019 மே இறுதியில், 'பிரண்ட்ஸ்' (2001) திரைப்படத்தின் நேசமணி என்னும் பாத்திரம் நலம்பெற வேண்டிய ஹேஷ்டேக் பெரும் பரவல் பெற்றபோது, பிற மொழியினர் அது யாரென்று கேட்டுத் திகைத்தனர். காட்சியை அறிந்தோர்க்கே அதன் பொருள் நிரம்பியது. எச்சத்தை நிரப்பும் கேட்போர் அந்நகையில் தாமும் பங்காளியாகின்றனர். பரப்புரையாளர் மீமை விரும்புவதற்குக் காரணம் இதுவே. தாமே நிரப்பிய பொருளை எவரும் எளிதில் ஐயுறுவதில்லை.

அதே வேளையில் மீமில் கூற்று இரட்டிக்கிறது. படத்தில் வாய்திறந்திருப்பவர் நடிகர், எழுதியவர் வேறொருவர். அவதூறு என்று எவரேனும் வினவினால், பேசியவர் பாத்திரம், எழுதியவர் பெயரிலி என்னும் விடையே எஞ்சும். 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வெளியிட்ட 'ஸ்டாலின்தான் வாராரு' பாடலை இதனோடு ஒப்பிடுக. அதுவும் தலைவர் பேசுவதாக அன்றி, அவர் வருகையைப் பிறர் சொல்வதாக, கண்டோர் கூற்றுப் போல அமைந்ததே. ஆனால் அதனை வெளியிட்ட கட்சி தன் பெயரை மறைக்கவில்லை. புனைந்த கூற்று என்பது குற்றமன்று. புனைந்தவர் பொறுப்பேற்கிறாரா என்பதே வினா.

அலரும் ஹேஷ்டேக்கும்

அகப்பாடலில் ஊர் பேசிக்கொண்டே இருக்கிறது. அலரும் அம்பலும் இன்றிக் களவு இல்லை. ஆயினும் ஊராரும் அயலாரும் சேரியோரும் கூறியவற்றைப் பிறர் எடுத்துமொழிவதன்றி, அவர்களுக்கு நேர்க்கூற்று இல்லை என்று செய்யுளியல் வரையறுக்கிறது. 'ஊர் இவ்வாறு சொல்கிறது' என்பதைத் தோழியோ தலைவியோதான் சொல்ல வேண்டும். வதந்திக்கு இலக்கியத்தில் இடமுண்டு; ஆனால் அதனை ஏற்றுச் சொல்லும் வாய் ஒன்று வேண்டும். இவ்வரையறையின் நுட்பம் இன்றுதான் முழுதும் புலனாகிறது.

ஹேஷ்டேக்கில் ஊர் நேரே பேசுகிறது, அல்லது பேசுவதாகத் தோன்றுகிறது. 2018 ஏப்ரல் 12இல் பிரதமரின் சென்னை வருகையின்போது காவிரிச் சிக்கலை முன்னிட்டு எழுந்த எதிர்ப்பு ஹேஷ்டேக் பெரும் பரவல் பெற்றது. 2019 ஜனவரி 27இல் அவர் மதுரைக்கு வந்தபோது, திரும்பிப் போகச் சொல்லும் ஹேஷ்டேக்கும், தமிழ்நாடு வரவேற்கிறது என்னும் ஹேஷ்டேக்கும் ஒரே நாளில் போட்டியிட்டன. இரண்டும் தமிழகத்தின் குரலாகவே தம்மை முன்வைத்தன. அவற்றில் உண்மை உணர்வோடு எழுதியோர் எத்தனை பேர், ஒருங்கிணைத்துப் பதிவிட்ட கணக்குகள் எத்தனை என்பதை எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் அறிய இயலாது. எனவே ஹேஷ்டேக் எண்ணிக்கையை மக்கள் கருத்தின் சான்றாக எடுத்தாளும் ஆய்வுகள், அலரையே கூற்றாக மயங்குகின்றன என்பது இக்கட்டுரையின் திறனாய்வு.

அகத்தின் வழி நுழையும் புறம்

அகத்திணையில் தலைமக்கள் பெயர் சுட்டப்படுவதில்லை. புறத்தில் பெயர் சுட்டலாம். இப்பாகுபாட்டை வாட்ஸ்அப் குழு கலைக்கிறது. உறவினர் குழு அகம் சார்ந்த களன். பிறந்தநாள் வாழ்த்துக்கும் காதணி விழா அழைப்பிதழுக்கும் நடுவே ஒரு தேர்தல் செய்தி வந்து விழுகிறது. அதனை அனுப்பியவர் சித்தப்பா. அவர் அதனை எழுதவில்லை. தமக்கு வந்ததை அனுப்பினார். ஆயினும் படிப்போர் சித்தப்பாவை நம்புவதால் செய்தியையும் நம்புகின்றனர். கூற்று இருக்க வேண்டிய வெற்றிடத்தை உறவு நிரப்புகிறது. மறுத்துப் பேசினால் அது கட்சிக்குத் தந்த மறுப்பாகாது, பெரியவரை எதிர்த்ததாகும். மேடையில் எழுந்து போகத் தயங்காதவரும் குடும்பக் குழுவில் மௌனம் காப்பது இதனால்தான்.

ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மட்டுமே செய்தியை முன்னனுப்பலாம் என்னும் வரம்பை வாட்ஸ்அப் 2018 ஜூலையில் இந்தியாவிற்கு அறிவித்தது. பலமுறை கைமாறிய செய்தியை ஒரே உரையாடலுக்கே அனுப்பலாம் என 2020 ஏப்ரலில் மேலும் இறுக்கியது. அத்தகைய செய்தியின் தலையில் இரட்டை அம்புக்குறி தோன்றும். அக்குறி செய்தி பல கைகளைக் கடந்தது என்பதைச் சொல்கிறது. புறப்பட்ட இடத்தைச் சொல்வதில்லை. காலமும் இவ்வாறே சிதைகிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்திற்கு முந்தைய 48 மணி நேரம் பரப்புரை ஓய வேண்டும் என்று 126ஆம் பிரிவு கூறுகிறது. தேதியற்ற பழைய காணொளிக்கு அந்த ஓய்வு தெரியாது.

பேசாதார் பேச்சு

2024 ஜனவரியில் சென்னையில் நடந்த நூல் வெளியீடு ஒன்றில், 2018இல் மறைந்த மு. கருணாநிதி உரையாற்றுவது போன்று செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிய காணொளி திரையிடப்பட்டது. அடுத்த மாதம், 2016இல் மறைந்த ஜெ. ஜெயலலிதாவின் குரலில் அமைந்த உரையை அ.இ.அ.தி.மு.க. வெளியிட்டது. இவை செயற்கைப் படைப்புகள் என்பது வெளிப்படையாகவே அறியப்பட்டது. ஆனால் அதே குரல் துண்டாக்கப்பட்டு ஒரு குழுவில் வலம்வரும்போது அவ்வறிவிப்பு உடன் செல்வதில்லை.

ஞாயிறு, திங்கள், கடல், விலங்கு, மரம் முதலிய பேசா இயல்பினவும் பேசுவன போலவும் கேட்பன போலவும் செய்யுளில் வரலாம் என்று தொல்காப்பியர் இசைவளிக்கிறார். அவ்விசைவின் உயிர் 'போல' என்னும் உருபில் உள்ளது. செயற்கைக் குரலில் மறைவது இப்'போல'வே. செயற்கையாக உருவாக்கிய பரப்புரைப் பொருளுக்கு அடையாளக் குறி இட வேண்டும் எனத் தேர்தல் ஆணையம் 2025 ஜனவரியில் கட்சிகளுக்கு அறிவுறுத்தியது, இலக்கண மொழியில் சொன்னால், அவ்வுருபை மீட்கும் முயற்சி.

நிறைவுரை

கூற்று வேண்டும் என்றால் ஒவ்வொருவரின் தனிச்செய்தியையும் அரசு தொடர்ந்து கண்டறிய வேண்டும் என்பது பொருளன்று. செய்தியை முதலில் அனுப்பியவரைக் காட்டக் கோரும் 2021 தகவல் தொழில்நுட்ப விதியை வாட்ஸ்அப் நிறுவனம் டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்த்தது. மறையாக்கம் உடைந்தால் அஞ்சாது பேச வேண்டியோரின் பேச்சும் உடையும் என்னும் கவலை புறக்கணிக்கத்தக்கதன்று. அகத்திற்குப் பெயர் வேண்டா, புறத்திற்கு வேண்டும். ஆகவே பொறுப்பு கேட்கப்பட வேண்டிய இடம் சித்தப்பாவின் கைப்பேசி அன்று. செய்தி உருவாகும் கட்சி அலுவலகமும், அதற்காக ஊதியம் பெறும் நிறுவனமுமே. சுவரொட்டியின் அடிவரிக்கு நிகரான ஒரு வரி, படத்தோடும் காணொளியோடும் பிரிக்க இயலாதவாறு அமைய வேண்டும்.

ஆய்வாளர்க்கும் இதில் கடமை உண்டு. திரைப்பதிவை மட்டும் ஒட்டி அதனைச் சான்று என்று கூறுவதை நாம் கைவிட வேண்டும். எக்குழுவில், எந்நாளில், எவர் வழியாக வந்தது என்பதைத் தனியாள் அடையாளம் வெளிப்படாதவாறு பதிந்து, கூற்று அறியப்படாவிடில் அதனை வெளிப்படையாகக் குறிக்க வேண்டும். பழம்பாடல்களின் கீழே கூற்றும் துறையும் எழுதிவைத்த பெயரறியாத் தொகுப்பாளர்கள் செய்த பணி இதுவே. அக்குறிப்புகள் இன்றேல் பல பாடல்களில் இன்று நாம் குரலைக் கேட்போம், பேசுவாரை அறியோம்.