எடை கூடியதற்கு இனிப்பு

எடை கூடியதற்காக ஸ்டாஃப் ரூமில் மைசூர்பாகு கொடுத்த ஒரே டீச்சர் நானாகத்தான் இருப்பேன். "என்ன விசேஷம், பையனுக்கு வேலை கிடைச்சிடுச்சா?" என்றார்கள். "இல்ல, ரெண்டு கிலோ ஏறியிருக்கேன்" என்றேன். பக்கத்து மேசைக் கணக்கு டீச்சர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 104 கிலோவிலிருந்து 68-க்கு இறங்க நான் பட்ட பாட்டையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர். ஆனால் இந்த இரண்டு கிலோ வேறு சங்கதி. இடுப்பில் டேப் வைத்தால் ஓர் அங்குலம் குறைவு, தொடையிலும் புஜத்திலும் கூடுதல். ஏறியது தசை! டேப்பை நம்ப முடியாமல் மகனைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொன்னேன். அவனும் அதையேதான் சொன்னான்.

எடை குறைத்த கதையை நான் சொல்லப்போவதில்லை. அது எல்லோர் வீட்டிலும் ஒன்றுதான்: விடிகாலையில் வேலூர்க் கோட்டை மைதானத்தில் நடை, ராத்திரி அரை வயிறு, கல்யாண வீட்டில் மொய்யை எழுதிவிட்டுப் பந்திப் பக்கமே திரும்பாமல் ஓட்டம். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் ஊரெல்லாம் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

இளைத்து முடித்த உடம்பு எனக்கே பிடிபடவில்லை. தெருவில் பார்க்கிறவர்கள், "ஏம்மா, சுகரா?" என்று துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்கள். மேல்கையில் தோல் தொளதொளவென்று தொங்கியது. வேலூரில், அதுவும் சித்திரையில், ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தால் குளிரெடுத்தது என்றால் நம்புவீர்களா? முன்பு 25 கிலோ அரிசி மூட்டையை நானே இழுத்துக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் சாய்த்துவிடுவேன். இளைத்த பிறகு அதை அசைக்கவே ஆள் தேவைப்பட்டது. விடைத்தாள் கட்டோடு மாடி ஏறினால் நடுவில் ஒருமுறை நின்றாக வேண்டும்.

காரணம் பிற்பாடு புரிந்தது. தசைக்கு வேலை கொடுக்காமல் சாப்பாட்டை மட்டும் குறைத்து எடை இறக்கினால், போகிற எடையில் ஏறத்தாழ கால் பங்கு கொழுப்பல்லாதது என்பது பொதுவாகச் சொல்கிற கணக்கு. தசையும் அதில் அடக்கம். இன்னொன்றும் உண்டு. 104 கிலோவைச் சுமந்து நடந்த என் கால்கள் தினமும் பாரப் பயிற்சிதான் செய்துகொண்டிருந்திருக்கின்றன. பாரம் இறங்கியதும் அந்தக் கால்களுக்கு வேலை போய்விட்டது, தசையும் கூடவே போய்விட்டது. மாதவிடாய் நிற்கிற வயது வேறு. எலும்பின் அடர்த்தியும் சரிகிற காலம்.

வேலூரில் பாரம் தூக்குவதைப் பற்றி யாரிடம் கேட்டாலும் சத்துவாச்சாரிப் பக்கம்தான் கை காட்டுவார்கள். சதீஷ் சிவலிங்கத்தின் ஊர். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்னாட்ச் 149, கிளீன் அண்ட் ஜெர்க் 179, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கியவர். 2018-ல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். பேப்பரில் வந்த அன்று வகுப்பில் படித்துக் காட்டிப் பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னவள் நான். அந்த இரும்புக்கும் எனக்கும் சம்பந்தம் வரும் என்று கனவிலும் நினைத்ததில்லை.

தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனது ஒரு தகர ஷெட்டுக்கு. ஏசி கிடையாது. கண்ணாடி ஒன்றே ஒன்று, அதிலும் மூலையில் விரிசல். வாசலில் பெயர்ப் பலகைகூட இல்லை. தன் காலத்தில் நன்றாகத் தூக்கிய ஒரு பெரியவர் பயிற்சி கொடுக்கிறார். எல்லோருக்கும் அவர் மாஸ்டர். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லா இளைச்சிட்டீங்க டீச்சர். போதும், இனிமே இளைக்க வாணாம். நல்லா துன்னணும், நல்லா தூக்கணும், நல்லா தூங்கணும். அவ்ளோதான்" என்றார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. வருஷக்கணக்கில் எனக்குக் கிடைத்த புத்திமதியெல்லாம் "வேண்டாம்" என்பதிலேயே முடியும். சோறு வேண்டாம், எண்ணெய் வேண்டாம், இனிப்பு வேண்டாம், இரண்டாவது இட்லி வேண்டாம். இங்கே ஒரு மனிதர் "இன்னும்" என்கிறார். இன்னும் சாப்பிடு, இன்னும் ஒரு தட்டைப் போடு, இன்னும் ஒரு மணி நேரம் தூங்கு. இந்த ஒரு மாற்றத்துக்காகவே, இளைத்து முடித்த ஒவ்வொருவரையும் பிடித்துக்கொண்டு போய் இரும்பின் முன்னால் நிறுத்த வேண்டும் என்று வெறியோடு அலைகிறேன். ஸ்டாஃப் ரூமில் என்னைக் கண்டால் இரண்டு பேர் பாத்ரூம் போய்விடுகிறார்கள்.

தட்டு மாட்டித் தூக்குகிற இரும்புக் கம்பியான பாரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பெண்களுக்கான பார் தனி: 15 கிலோ, 25 மில்லிமீட்டர் கனம். ஆண்களுடையது 20 கிலோ, 28 மில்லிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். சின்னக் கையால் பிடித்துப் பார்த்தால்தான் அருமை தெரியும். பிடிக்கிற இடத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி வைத்திருப்பார்கள், வழுக்காமலிருக்க. ஆரம்பத்தில் உள்ளங்கை சிவந்து எரியும். அப்புறம் விரல் மடிப்புக்குக் கீழே காய்த்துப்போகும். நான்கு விரலுக்கும் நான்கு காய்ப்பு. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கும்போதெல்லாம் ரகசியமாகத் தடவிப் பார்த்துக்கொள்கிறேன். வாழ்நாளெல்லாம் சாக்பீஸ் பொடியில் கிடந்த கைக்கு இங்கேயும் வெள்ளைப் பொடிதான், ஆனால் இது மக்னீசியம் கார்பனேட். வியர்வையை வாங்கிக்கொள்ளும்.

டெட்லிஃப்ட் என்று ஒன்று இருக்கிறது. தரையில் கிடக்கிற பாரை நின்றுகொண்டு இடுப்பளவுக்குத் தூக்குவது, அவ்வளவுதான். பார் முழங்காலுக்குக் கீழே எலும்பை ஒட்டி இருக்க வேண்டும். வயிறு நிறைய மூச்சை இழுத்து அடக்க வேண்டும். கையை இறுக்கியதும் தட்டுக்கும் பாருக்கும் நடுவிலுள்ள இடைவெளி அடைபட்டு 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்கும்வரை இழுக்கக் கூடாது. கேட்டதும் பாரை இழுப்பதாக நினைக்காமல் தரையைக் காலால் மிதித்துத் தள்ளுவதாக நினைக்க வேண்டும். முதலில் ஒன்றும் நடக்காது. அடுத்த கணம் பூமியிலிருந்து இரும்பு கிளம்பும் பாருங்கள், அடடா! எந்தப் பாராட்டு விழாவிலும் எனக்கு அந்தச் சந்தோஷம் கிடைத்ததில்லை.

ஒருநாள் மாஸ்டர் பாரில் பக்கத்துக்குப் பத்து கிலோ மாட்டி, மொத்தம் 35 கிலோவைத் தூக்கிப் பிடித்தபடி ஷெட்டின் அந்தக் கோடிவரை நடக்கச் சொன்னார். "இதைத்தான் எறக்கி வெச்சிருக்கீங்க" என்றார். இரைத்தது. இதைத் தூக்கிக்கொண்டா பஸ் ஏறினேன், பாடம் நடத்தினேன், பிள்ளை வளர்த்தேன்? பழைய போட்டோக்களில் இருக்கும் அந்த 104 கிலோக்காரிமேல் அன்றைக்குப் பெரிய மரியாதையே வந்துவிட்டது. அவள் பலசாலி. இப்போது நான் 75 கிலோ தூக்குகிறேன், என் எடையைவிட அதிகம். அவளுக்குக் கொஞ்சம் கிட்டே வந்திருக்கிறேன்.

தசை எப்படி வளர்கிறது என்பது ஒளித்து வைத்த வித்தை ஒன்றுமில்லை. பழகிய பாரத்தைவிடச் சற்றே கூடுதல், அது பழகியதும் இன்னும் சற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவர் தாமஸ் டெலோர்ம், காயம்பட்ட வீரர்களின் கால்களை இப்படித்தான் படிப்படியாகப் பாரம் ஏற்றித் தேற்றினார். எங்கள் ஷெட்டில் இதற்கு இருப்பது ஒன்றேகால் கிலோத் தட்டு இரண்டும், மாஸ்டரின் நாற்பது பக்க நோட்டும். ஆரம்ப வாரங்களில் கூடுகிற பலத்தில் பெரும்பங்கு நரம்புகள் வேலை கற்றுக்கொள்வதால் வருவது. கண்ணுக்குத் தெரிகிற பருமன் மெதுவாகத்தான் வரும். கண்ணாடியைப் பார்த்து ஏமாறாமல் நோட்டைப் பார்க்க வேண்டும்.

வலி? உண்டு. தோளில் பாரோடு உட்கார்ந்து எழுகிற முதல் ஸ்குவாட்டுக்கு இரண்டாம் நாள் பள்ளி மாடிப்படியில் பக்கவாட்டில் நண்டு மாதிரி இறங்கினேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆராய்ச்சியோடு பார்த்தார்கள். ஓரிரு நாளில் தானாகப் போகிற வலிதான்.

ஷெட்டில் எனக்குத் துணை என் பழைய மாணவன். அந்தக் காலத்தில் வீட்டுப்பாடம் எழுதாமல் வந்ததற்காகப் பெஞ்சின் மேல் ஏற்றிய பையன், இப்போது பெஞ்சில் என்னைப் படுக்க வைத்துப் பாருக்கு அடியில் கை கொடுத்து நிற்கிறான். "டீச்சர், இன்னும் ஒண்ணு." முடியாதுடா. "ஒண்ணே ஒண்ணு டீச்சர்." அது முடிந்ததும் கூசாமல் இன்னொன்று கேட்பான். நான் அவனிடம் காட்டிய கறார் வட்டியோடு திரும்பி வருகிறது. எனக்கு அதிலும் ஆனந்தம்தான்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். எழுதும்போதே வாய் ஊறுகிறது. சாதாரணமாக ஒருவருக்குக் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது நம் ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020 பரிந்துரை. தொடங்கும்போது இருந்த என் 68 கிலோவுக்கு 56 கிராம். பாரம் தூக்கித் தசை கட்டுகிறவர்களுக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் அளவில் பலன் நன்றாகக் கிடைக்கிறது என்கின்றன ஆய்வுகள். அதாவது எனக்கு 109 கிராம்! வெறும் ரசம் சாதத்தால் அங்கே போய்ச் சேர முடியாது. ஆக, காலையில் மூன்று முட்டை, அதில் 18 கிராம் வந்துவிடும். மத்தியானம் மத்தி மீன் குழம்பு, குழம்புக்காக அல்ல மீனுக்காக. சாயங்காலம் சுண்டல். ராத்திரி கோழி, இல்லாத நாளில் பன்னீர் அல்லது மீல்மேக்கர். உலர்ந்த மீல்மேக்கர் நூறு கிராமில் பாதி புரதம்தான். சோறு உண்டு, இட்லி உண்டு. அவை இல்லாமல் தூக்கத் தெம்பு வராது. இட்லியை எதிரியாகப் பார்த்த கண்ணால் இப்போது மூன்றாவதைப் பார்க்கும்போது பழைய சிநேகிதியைப் பார்த்த மாதிரி இருக்கிறது. கிட்னியில் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்கக் கூடாது. நானும் ரத்தம் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினேன்.

க்ரியாட்டின் பொடியும் தினம் மூன்று கிராம் எடுத்துக்கொள்கிறேன். அது தசைக்குள் நீரைச் சேர்க்கும், ஆரம்பத்தில் எடை அதனாலும் ஏறும். ஆகவே எடை மெஷினை மட்டும் நம்பி மைசூர்பாகு வாங்கிவிடாதீர்கள். நான் டேப்பையும் நோட்டையும் பார்த்த பிறகுதான் வாங்கினேன்.

பிளவுஸ் தைக்கிற அக்கா கையை அளந்துவிட்டு, "மறுபடி வெயிட் போட்டுட்டீங்களா?" என்று கவலைப்பட்டார். முழங்கையை மடக்கிக் காட்டினேன். தொட்டுப் பார்த்துவிட்டு, கடையில் இருந்த இன்னொரு பெண்ணையும் கூப்பிட்டுத் தொடச் சொன்னார். தோல் முழுக்கச் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். புஜத்திலும் தொடையிலும் தசை வந்து ஓரளவு நிரப்பியிருக்கிறது. அடிவயிற்றில் மடிப்பு அப்படியேதான் கிடக்கிறது. கிடக்கட்டும்.

"பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்? விட்டா எல்லாம் கொழுப்பா மாறிடும்" என்று ஓர் உறவினர் ஆரம்பித்தார். தசை வேறு, கொழுப்பு வேறு, ஒன்று இன்னொன்றாக மாறாது. பயிற்சியை விட்டால் தசை சுருங்கும், அவ்வளவுதான். பொங்கலுக்கு நெல்லைப் பக்கம் வடலிவிளையில் பெண்கள் இளவட்டக்கல் தூக்குவதை டிவியில் போட்டார்கள். வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டி வைத்தேன். என் மாமியார்தான் கண்கொட்டாமல் பார்த்தார். வயது எழுபத்தெட்டு. "ஏம்மா, என் வயசுல தூக்கினா ஒடஞ்சுடுமா?" என்றார். 1990-ல் பாஸ்டனில், தொண்ணூறை ஒட்டிய வயதில் ஒரு முதியோர் இல்லத்தில் இருந்தவர்களைக் கால் பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். எட்டே வாரத்தில் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. இதைச் சொன்னதும், "அப்ப நான் சின்னப் பொண்ணுதான்" என்று எழுந்து நின்றார். இப்போது நாற்காலியில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுகிறார், சீரியல் விளம்பரத்துக்கு விளம்பரம். "அத்தை, இடுப்பைப் பின்னால தள்ளுங்க" என்று நான் திருத்தினால், "எனக்குத் தெரியும், நீ உன் வேலையப் பாரு" என்கிறார்.

எனக்குப் பாக்கி புல்-அப் ஒன்றுதான். காலில் ரப்பர் பேண்ட் மாட்டினால் மோவாய் கம்பிக்கு மேலே போகிறது. பேண்டைக் கழற்றினால் பாதியிலேயே தொங்குகிறேன். அடுத்த பொங்கலுக்குள் பேண்ட் இல்லாமல் ஒன்று எடுத்துவிட்டால் ஆம்பூர் பிரியாணி தன் செலவு என்று என் பழைய மாணவன் பந்தயம் கட்டியிருக்கிறான். சீரகச் சம்பா, கத்தரிக்காய்ப் பச்சடி, கூட ஒரு அவித்த முட்டை. லெக் பீஸ் இரண்டு வேண்டும் என்று இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.