எதிர்த்தரப்பு இல்லாத வீராங்கனைகள்

புத்தகக் காட்சிகளில் 'சாதனைப் பெண்கள்' வரிசை இல்லாத அரங்கு இப்போது அரிது. மகளிர் தினத்துக்கும் பள்ளி ஆண்டு விழாவுக்கும் பரிசாக இந்த நூல்கள்தான் கட்டுக்கட்டாகப் போகின்றன. குறை சொன்னால், பெண் குழந்தைகளுக்கு முன்மாதிரி வேண்டாமா என்று கேட்கிறார்கள். வேண்டும்தான். மறந்துபோன பல பெயர்களை இந்த நூல்கள் மீட்டிருக்கின்றன. எளிய நடையாலும் குறைந்த விலையாலும் சிற்றூர்வரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. அந்த நன்மையை மறுப்பதற்கில்லை.

என் மறுப்பு வேறு. மன உறுதி என்பது இந்த நூல்களில் எங்கும் யாரோடும் மோதுவதில்லை. 'சமூகம் எதிர்த்தது' என்ற இரண்டே சொற்களில் போராட்டம் முடிந்துவிடுகிறது. எதிர்த்தவர் யார், அவர் சொன்ன நியாயம் என்ன என்று எவரும் எழுதுவதில்லை.

முத்துலட்சுமி ரெட்டியை எடுத்துக்கொள்வோம். 1886இல் புதுக்கோட்டையில் பிறப்பு, 1912இல் மருத்துவப் பட்டம், சென்னைச் சட்டமன்றத் துணைத்தலைவர் பதவி, அவ்வை இல்லம், அடையாறு புற்றுநோய் மருத்துவமனை என்று எல்லாரும் ஒரே பட்டியலைத்தான் எழுதுகிறார்கள். தேவதாசி முறை ஒழிப்பும் அதில் ஒரு வரியாக வந்துபோகும். ஆனால் அதை எதிர்த்தவர்கள் பழமைவாத ஆண்கள் மட்டுமல்லர். தேவதாசிகளே சங்கமாகக் கூடி அரசுக்கு மனுக் கொடுத்தார்கள். அவர்களில் முன்நின்றவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தன் சொத்தைச் செலவிட்டுத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பியவர். முத்துப்பழனியின் 'ராதிகா சாந்த்வன'த்தை 1910இல் பதிப்பித்து அரசின் தடையைச் சந்தித்தவர். தங்கள் கலையையும் சொத்துரிமையையும் விபச்சாரத்தோடு சேர்த்துப் பேசுவதை அந்தப் பெண்கள் ஏற்கவில்லை.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் அந்தச் சூழலிலேயே வளர்ந்தவர். அவர் ஒழிப்பின் பக்கம் உறுதியாக நின்றார். தாம் கண்ட கொடுமையை 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று நாவலாகவே எழுதினார். முத்துலட்சுமியின் தாயும் தேவதாசி மரபில் வந்தவர்தான். ஒழிப்புச் சட்டம் 1947இல் நிறைவேறியது.

மூவரும் ஒரே காலத்தவர். ஒரே கேள்வியில் எதிரெதிராக நின்ற பெண்கள். நம் நூல்களில் மூவரும் தனித்தனி அட்டைக்குள் இருக்கிறார்கள். ஒருவர் நூலில் மருத்துவம், ஒருவர் நூலில் பக்தி, ஒருவர் நூலில் இயக்கம். ஒருவருடைய வெற்றி இன்னொருவரிடமிருந்து எதைப் பறித்தது என்று கேட்க வாசிக்கும் சிறுமிக்கு வழியே இல்லை. விடாப்பிடியாக நின்றால் போதும், நியாயம் தானே நம் பக்கம் வந்துவிடும் என்றுதான் அவள் கற்றுக்கொள்கிறாள். இதைவிட ஆபத்தான பாடம் ஒன்று உண்டா? நியாயத்தை எடைபோடக் கற்றுத்தராத நூல் வாழ்க்கை வரலாறே அல்ல. அது வெறும் பாராட்டுப் பத்திரம்.

மோதலை மறைக்காத வாழ்க்கைக் கதையைத் தமிழில் எழுத முடியாது என்றும் சொல்ல முடியாது. மணலூர் மணியம்மையைப் பற்றி ராஜம் கிருஷ்ணன் 'பாதையில் பதிந்த அடிகள்' எழுதினார். பண்ணையாரை எதிர்த்துக் கூலித் தொழிலாளர்களைத் திரட்டிய அந்தப் பெண், தான் நம்பிய கட்சியாலேயே ஓரங்கட்டப்பட்டதையும் அந்த நாவல் மறைக்கவில்லை. அதனாலேயே அவருடைய உறுதி என்ன விலை கேட்டது என்று நமக்குத் தெரிகிறது. ஒரு நாவலுக்கு இருந்த துணிச்சல் வரலாறு எழுதுகிறவர்களுக்கு இல்லாமல் போனது வெட்கம்.

பதிப்பாளர்களிடம் ஒன்று கேட்கிறேன். முத்துலட்சுமி பற்றிய நூலின் அடுத்த பதிப்பில் நாகரத்தினம்மாளின் எதிர்ப்புக்கு ஓர் அத்தியாயம் கொடுங்கள். நம் பெண்கள் இரண்டு தரப்பையும் படித்துத் தாங்களே தீர்ப்புச் சொல்லட்டும்.