நூலகக் கணினியும் நாலரை அடித் தடுப்பும்

ஒரு பொது நூலகத்தில் ரெண்டு கணினி வைத்து இணைய இணைப்பும் கொடுத்தாச்சு. யார், எப்படிப் பயன்படுத்தலாம் என்று ஒரு பக்கத்துக்கு விதி எழுத வேண்டும். இப்படி ஒரு வேலை வந்தால், முன்மாதிரியாகச் சட்டென்று கைக்கு அகப்படக்கூடியது மத்திய அரசின் 2011 சைபர் கஃபே விதிகள். அதை அப்படியே நூலகத்துக்கு எடுத்துக்கொண்டால் என்ன ஆகும்? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வைத்துப் பார்க்கலாம்.

விதிகள் சொல்வது இதுதான். அடையாள அட்டை காட்டாமல் கணினியில் உட்கார முடியாது. பெயர், முகவரி, தொடர்பு எண், வந்த நேரம், போன நேரம் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். பார்த்த இணையதளங்களின் பட்டியலை ஒரு வருஷமாவது வைத்திருக்க வேண்டும். தடுப்பின் உயரம் நாலரை அடியைத் தாண்டக் கூடாது. தடுப்பு இல்லையென்றால் திரை பொது இடத்தைப் பார்த்துத் திரும்பியிருக்க வேண்டும்.

சட்டத்தின் வரையறைப்படி சைபர் கஃபே என்பது வழக்கமான தொழிலாகப் பொதுமக்களுக்கு இணையம் தரும் இடம். நூலகம் தொழில் கிடையாது. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியோடு சேர்த்து வசூலாகும் நூலக வரியில் நடப்பது. ஆகவே இந்த விதிகள் நூலகத்தைக் கட்டுப்படுத்தாது என்பது என் வாசிப்பு. ஆனாலும் அதன் மனநிலை எளிதாக உள்ளே வந்துவிடும்: வருகிறவரை முதலில் சந்தேகப்படு.

இந்தப் பகுதியில் வருகிறவர் யார்? இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் ஆலைகளில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். வெளிமாவட்டம், வெளிமாநிலத்துக்காரர்கள் ஏராளம். வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்டில் திறந்த சிப்காட் விடுதியில் மட்டும் 18,720 பெண்கள் தங்க முடியும்.

"எல்லார் கையிலும் போன் இருக்கே, நூலகக் கணினி எதுக்கு?" என்று கேட்கலாம். போனில் வீடியோ பார்க்கலாம். பயோடேட்டா டைப் பண்ணி பிரின்ட் எடுப்பது வேறு வேலை. ஒப்பந்ததாரர் மாறும்போது பழைய பி.எஃப். கணக்கைப் புதியதோடு சேர்ப்பதும் அப்படித்தான். அதற்கு ஓ.டி.பி. வரும். 'செல்போனை அணைக்கவும்', 'ஒருவருக்கு அரை மணி நேரம்' என்று ரெண்டு வரி எழுதி ஒட்டினால் போதும், அந்த வேலை நடக்கவே நடக்காது. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது ரங்கநாதன் 1931இல் எழுதிய ஐந்து விதிகளில் ஒன்று. இங்கே அந்த நேரம் ஷிப்ட் முடிந்து வந்தவரின் நேரம்.

இன்னொரு சிக்கல் பெரியது. விதி ஏற்கும் அடையாள அட்டைகளில் வேலை கொடுப்பவர் தரும் அட்டையும் உண்டு. 2024இல் சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 37 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. சங்க அங்கீகாரம் அதன் முக்கியக் கோரிக்கை. அப்படியொரு சமயத்தில் சங்கத்தைப் பதிவு செய்வது எப்படி என்று ஒருவர் தேட வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கம்பெனி அட்டை எண்ணும் அவர் தேடியதும் ஒரே இடத்தில் ஒரு வருஷம் இருக்கும். யாரும் எடுத்துப் பார்க்காமலே போகலாம். ஆனால் பதிவு இருக்கு என்று தெரிந்தாலே அவர் தேடமாட்டார்.

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் 2005இல் எஃப்.பி.ஐ. நூலகக் கணினி ஒன்றின் பயன்பாட்டு விவரங்களைக் கேட்டது. நான்கு நூலகர்கள் நீதிமன்றம் போனார்கள்; 2006இல் எஃப்.பி.ஐ. பின்வாங்கியது. அத்தனை துணிச்சலை நம்ம கிளை நூலகரிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதிவே இல்லையென்றால் அவருக்கு அந்தச் சோதனையும் வராது.

எதிர்வாதத்திலும் நியாயம் இருக்கு. சிறுவர்களும் வரும் கூடம் அது. ஆபாசப் படத்தை அங்கே திறக்கவிட முடியாது. சிறுவர்களுக்குத் தனிக் கணினி வைக்கலாம். ஆனால் வடிகட்டி மென்பொருள் கருத்தடை, மார்பகப் புற்றுநோய் பற்றிய பக்கங்களையும் மறைத்துவிடக்கூடும். 2003இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நூலக வடிகட்டியை ஏற்றபோது, பெரியவர்கள் கேட்டால் நீக்கித் தரலாம் என்பதையும் கணக்கில் எடுத்தது. விடுதியிலிருந்து வரும் இருபது வயதுப் பெண், கவுன்டரில் நாலு பேர் முன்னால் அப்படிப் போய்க் கேட்பாரா?

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கு. முந்தின ஆள் தரவிறக்கிய ஆதார் நகலும் வங்கி பாஸ்புக்கும் டெஸ்க்டாப்பிலேயே கிடக்கும். மின்னஞ்சல் மூடாமல் இருக்கும். நூலக விதி முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்: ஒருவர் எழுந்ததும் அவர் கோப்புகளும் தேடல் வரலாறும் தானாக அழியும்படி கணினியை அமைக்க வேண்டும். திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பலாம். வரிசைக்கு டோக்கன் எண் போதும், பெயர் வேண்டாம். யாரும் காத்திருக்கவில்லை என்றால் நேர வரம்பும் வேண்டாம். ஓ.டி.பி.க்குப் போனை அனுமதிக்கலாம், சத்தம் மட்டும் கூடாது. இவ்வளவையும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் ஒரே தாளில் அச்சடித்துக் கணினி பக்கத்தில் ஒட்டிவிடலாம்.