பதிவெண் யாருடையதோ, பழி அவருடையது

2020 மார்ச் 25, நாடு முழுவதும் ஊரடங்கு தொடங்கிய நாள். தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைகள் வந்ததும் அன்றுதான். 2002-ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுக்க விதிகளில் ஐந்தாம் இணைப்பாக அவை சேர்ந்தன. அதுவரை தொலைபேசியில் மருந்து சொல்வது முறைதானா என்று மருத்துவர்களுக்கே உறுதியில்லை. அந்தக் குழப்பத்தை நீக்கியது இந்த ஆவணத்தின் பெரிய பலன். ஆனால், நோயாளியோடு நேரடியாகப் பேசும் மருத்துவருக்காக வகுத்த விதிகள், இன்னொருவரின் கண்ணையும் கையையும் நம்பி மேற்பார்வை செய்யும் மருத்துவருக்கும் போதுமா?

முதலில் நிறைகள். எந்த மருந்தை எப்போது எழுதலாம் என்பதற்குப் பட்டியல்கள் இருக்கின்றன. போதைப்பொருள் சட்டத்துக்கு உட்பட்ட மருந்துகளைப் பொதுவாகத் தொலைவிலிருந்து எழுத முடியாது. செயற்கை நுண்ணறிவு மருத்துவருக்கு உதவலாம், மருந்து எழுதக் கூடாது. தொழில்நுட்பக் கோளாறால் நோயாளியின் ரகசியம் கசிந்ததற்குத் தகுந்த சான்று இருந்தால் மருத்துவர் மீது குற்றமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, திரையில் பார்த்தது போதுமா, நேரில் வரச் சொல்ல வேண்டுமா என்று தீர்மானிக்கும் உரிமை மருத்துவருக்கே உண்டு.

சிக்கல் தொடங்குவதும் அந்த உரிமையில்தான். மத்திய அரசின் இ-சஞ்சீவனி திட்டத்தில் கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருப்பவர் சமுதாய சுகாதார அலுவலர். மருத்துவர் வேறோர் ஊரில் திரைக்கு முன்னால் இருக்கிறார். வயிற்றை அழுத்திப் பார்ப்பவர் ஒருவர், மருந்துச் சீட்டில் கையெழுத்திடுபவர் இன்னொருவர். நெறிமுறைகள் இந்த ஏற்பாட்டை அனுமதிக்கின்றன. ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவரிடம் ஆலோசனை கேட்டால், சிகிச்சைக்குக் கேட்டவரே பொறுப்பு என்று தெளிவாகச் சொல்கின்றன. கேட்பவர் சுகாதாரப் பணியாளர் என்றால் பொறுப்பு எப்படிப் பிரியும் என்பதில் அந்தத் தெளிவு இல்லை. 2019-இன் தேசிய மருத்துவ ஆணையச் சட்டமும் 32-ஆம் பிரிவில், அடிப்படை மற்றும் தடுப்பு மருத்துவத்துக்கு அப்பால் சமுதாய சுகாதாரப் பணியாளர் மருத்துவரின் மேற்பார்வையில்தான் மருந்து எழுதலாம் என்கிறது. அந்த மேற்பார்வை நேரிலா, தொலைவிலா, எத்தனை பேருக்கு ஒருவர் என்பதை அப்பிரிவு வரையறுக்கவில்லை.

இதன் விளைவை அஞ்சுவோர் 2018-இன் ரத்னகிரி வழக்கைக் காட்டுவார்கள். அறுவைப் பேறுக்குப் பின் மீண்டும் சேர்க்கப்பட்ட பெண்ணுக்கு, மருத்துவர்கள் ஊரில் இல்லாதபோது தொலைபேசியில் சொன்னபடி செவிலியர்கள் மருந்து கொடுத்தார்கள், அந்தப் பெண் இறந்துபோனார். மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் தர மும்பை உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அது முன்ஜாமீன் மனு மீதான ஆணை மட்டுமே, குற்றம் நிரூபணமானதாகாது. நெறிமுறைகளுக்கு முந்தையது என்பதோடு, உள்நோயாளியை மருத்துவர் இல்லாமல் விட்டதும் அங்கே பெரிய பிழை. எனவே தொலைமருத்துவம் முழுவதற்குமான தீர்ப்பாக அதைப் படிப்பது மிகை. தொலைவிலிருந்து தந்த உத்தரவை வேறொருவர் நிறைவேற்றினாலும், கேள்வி உத்தரவிட்டவரைத் தேடி வரும் என்பதே அதிலிருந்து கொள்ள வேண்டிய பாடம்.

சட்டத்தில் கேடயங்களும் உண்டு. கடும் அலட்சியம் இருந்தால்தான் குற்றவியல் நடவடிக்கை என்று ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005-இல் உச்ச நீதிமன்றம் வரம்பு கட்டியது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு, அலட்சியத்தால் நேரும் மரணத்துக்கு மற்றவர்களுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்றாலும், சிகிச்சையின்போது நேர்ந்தால் மருத்துவருக்கு இரண்டாண்டே உச்சம் என்கிறது. ஆகவே, சிறைக்குப் போவதைவிட மருத்துவக் கவுன்சிலில் உள்ள பதிவை இழப்பதே மேற்பார்வை மருத்துவருக்கு அன்றாட அபாயம்.

அங்கேதான் அமைப்பின் கோணல் தெரிகிறது. மருத்துவக் கவுன்சிலின் கை எட்டுவது பதிவு பெற்ற மருத்துவரை மட்டுமே. விதியை மீறும் செயலி நிறுவனத்தைக் கறுப்புப் பட்டியலில் வைக்கலாம். அதற்கு மேல் நெறிமுறைகளில் தண்டனை இல்லை. ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நோயாளிகள், யார் பரிசோதிப்பது, எந்தக் கருவி என்பதை நிறுவனமோ அரசோ முடிவு செய்கிறது. விளைவுக்குப் பதில் சொல்பவர் அவற்றில் எதையும் முடிவு செய்யாத மருத்துவர்.

“அப்படியானால் மருத்துவரை விடுவித்துவிடலாமா?” என்றால், கூடாது. விடுவித்தால் நோயாளி யாரிடமும் போய் நிற்க முடியாது. மாத ஊதியத்துக்காகப் பதிவெண்ணை இரவல் கொடுத்துவிட்டு, திரையைக்கூடப் பார்க்காமல் ஒப்புதல் தருபவருக்குப் பரிவு தேவையில்லை. பொறுப்பைக் குறைப்பது தீர்வல்ல. அதிகாரம் எவ்வளவோ அவ்வளவு பொறுப்பு என்று இணைப்பதே தீர்வு.

ஆகவே என் முடிவு: நேரடி ஆலோசனைக்கு இந்த நெறிமுறைகள் தேறுகின்றன, மேற்பார்வைக்குத் தேறவில்லை. 2023 ஆகஸ்டில் புதிய ஒழுக்க விதிகளை அறிவித்த தேசிய மருத்துவ ஆணையம், அதே மாதம் அவற்றை நிறுத்தி வைத்துப் பழைய விதிகளுக்கே திரும்பியது. அடுத்த முறை எழுதும்போது மூன்று விதிகள் வேண்டும். யார் பரிசோதித்தார், யார் தீர்மானித்தார் என்பது ஒவ்வொரு பதிவேட்டிலும் தனித்தனியாக இருக்க வேண்டும். ஒரு மருத்துவரின் மேற்பார்வையில் எத்தனை பணியாளர்கள் என்பதற்கு உச்சவரம்பு வேண்டும். வேலைச்சுமையை நிர்ணயிக்கும் நிறுவனமும் இழப்பீட்டில் பங்கு ஏற்க வேண்டும். அதுவரை, இம்மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதித் தராத இடத்தில் மேற்பார்வைப் பொறுப்பை ஏற்காமல் இருப்பதே ஒரு மருத்துவருக்கு விவேகம்.